ராத்திரி பேக்கப் ஓடியதா: யாரைக் கேட்பது?

போன வருஷம் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வர் என் பொறுப்புக்கு வந்தது. பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டேன். "தினம் ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ஓடும் சார், ஃபோல்டர்ல பாருங்க" என்றார் கணக்காளர். எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து பார்த்தேன். தேதி போட்ட பெயரோடு வரிசையாக நாற்பது சொச்சம் கோப்புகள். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அளவு காட்டும் இடத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே எண்: 20. இருபது எம்பி இல்லை, இருபது பைட்.

ஒன்றுமே இல்லாததை, கோப்புகளைச் சுருக்கும் ஜிஜிப்பிடம் நீட்டினால் அது கோபித்துக்கொள்ளாது. தலைக்கு 10 பைட், உள்ளே காலி என்று சொல்ல 2 பைட், வாலுக்கு 8 பைட் என்று ஒழுங்காகக் கட்டி ஒரு கோப்பைத் தந்துவிடும். யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல் டம்ப் உள்ளே நுழைய முடியாமல் தோற்றுவிட்டது. ஆனால் டம்ப்பின் வெளியீடு பைப் வழியாக ஜிஜிப்புக்குப் போகிறது, பைப்பின் கடைசியில் நிற்பவரின் எக்ஸிட் கோட்தான் (முடிந்ததும் தரும் வெற்றி தோல்வி எண்) மொத்த வரிக்கும் எக்ஸிட் கோட். ஜிஜிப்புக்கு ஒரு குறையும் இல்லை, ஆகவே பூஜ்யம். பூஜ்யம் என்றால் வெற்றி. ஸ்கிரிப்ட்டின் மேலே பைப்ஃபெயில் என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்த வரி தோல்வி என்றாவது சொல்லியிருக்கும். சொன்னால் கேட்க யாராவது இருந்தார்களா என்பது அடுத்த கேள்வி.

அந்த வாரமே, நான் பார்த்துக்கொள்ளும் எட்டு லினக்ஸ் சர்வர்களுக்கும் ஒரே மாதிரி ஒரு கண்காணிப்பு முறை வேண்டும் என்று உட்கார்ந்தேன். சில கடை, ஆபீஸ் மூலைகளில் தூசி படிந்து ஓடுபவை. சில வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர்கள். டாஷ்போர்டு வைத்துப் பராமரிக்க எனக்கு நேரம் இல்லை, அதற்கென்று ஒன்பதாவதாக ஒரு சர்வரும் வேண்டாம். காலையில் காபியோடு டெர்மினலில் ஒரு கட்டளை, எட்டு வரியில் பதில், அவ்வளவுதான் தேவை. அதற்காக அலசிப் பார்த்த வழிகளும், ஒவ்வொன்றும் எங்கே காலை வாரும் என்பதும்தான் இனி வருவது.

கிரான் அனுப்பும் மெயில்

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் கருவி கிரான். அதன் வேலைப் பட்டியலான கிரான்டேபின் தலையில் மெயில்-டு என்று ஒரு வரி போட்டுவிட்டால், ராத்திரி வேலை எதையாவது எழுதினால் அது மெயிலாக வந்து சேரும். ஒரே ஒரு சர்வர், அதில் மெயில் ஒழுங்காக அமைத்திருக்கிறது, வருகிற மெயிலைத் தினமும் படிக்க ஆளும் இருக்கிறார் என்றால் இதுவே போதும். மீதியைப் படிக்காமல் போய் வேறு வேலை பார்க்கலாம்.

ஆனால் இன்று புதிதாக எடுக்கிற டெபியன், உபுண்டு சர்வர்களில் பெரும்பாலும் மெயில் அனுப்பும் மென்பொருளே இருக்காது. அப்போது கிரான் என்ன செய்யும் தெரியுமா? மெயில் அனுப்ப வழியில்லை, வெளியீட்டை வீசிவிடுகிறேன் என்று சிஸ்டத்தின் பதிவேடான சிஸ்லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். உங்கள் பேக்கப்பின் ஒப்பாரி முழுக்க அந்தக் குப்பைத்தொட்டியில்தான் போகும். என் எட்டில் மூன்று சர்வர்களில் இந்த வரியைப் பார்த்தேன்.

மெயில் வேலை செய்தாலும் இன்னொரு தொல்லை. தினம் காலையில் எட்டு மெயில் வந்தால் பத்தாம் நாள் அதற்கு ஒரு ஃபில்டர் போட்டு ஒதுக்கிவிடுவோம். அதைத் தவிர்க்க குரோனிக் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. மோர்யூட்டில்ஸ் தொகுப்பில் வருகிறது. வேலை தோற்றால் மட்டும் பேசும், ஜெயித்தால் வாய் திறக்காது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்போது மெயில் வரவில்லை என்றால் பேக்கப் ஜெயித்தது என்றும் கொள்ளலாம், சர்வரே செத்துக் கிடக்கிறது என்றும் கொள்ளலாம், மெயில் வழியில் மாட்டிக்கொண்டது என்றும் கொள்ளலாம்.

வழியில் மாட்டிக்கொண்டதற்குப் பெரிய உதாரணம், புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் தவறான டேட்டாபேஸ் சர்வரில் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி-தான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடிப் போனால் அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3-இல் எதுவுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த பிஜி டம்ப்போ 9.2 பதிப்பு. பதிப்பு ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றபோதெல்லாம் கிரான் மெயிலும் அனுப்பியிருக்கிறது! ஆனால் அந்த மெயில்களுக்கு டிமார்க் என்ற, அனுப்புநர் அசல்தானா என்கிற சரிபார்ப்பு ஒழுங்காக அமையாததால் பெறுகிற சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் காப்பாற்றியது வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் டிஸ்க் இருந்த நிலையின் நகல்). அப்படியும் சுமார் 5,000 புராஜெக்ட்களும் 5,000 கமெண்ட்களும் 700 பயனர் கணக்குகளும் போயின. இதையெல்லாம் அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த அறிக்கையில் எனக்கு உறைத்தது டைரக்டரியை அழித்த கதையைவிட, திருப்பி அனுப்பப்பட்ட மெயில் கதைதான்.

லாக் கோப்பில் எர்ரர் என்ற சொல்லை கிரெப் கட்டளையால் தேடிப் பார்ப்பது இதன் தம்பி. அதைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. வெப் சர்வரின் எர்ரர் லாக் கோப்பையே பேக்கப் எடுக்கும்போது அதன் பெயரும் கிரெப்பில் சிக்கும். வேலை ஓடவே இல்லை என்றால் லாக்கில் எர்ரரும் இருக்காது. இந்த வகையில் ஒரே ஒரு சோதனையை மட்டும் இன்றும் விடாமல் வைத்திருக்கிறேன்: மைஎஸ்க்யூஎல் டம்ப் முழுதாக முடிந்தால் கோப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு எழுதும். ஜிகேட் போட்டுச் சுருக்கத்தைப் பிரித்து, டெயிலில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க அரை வரி ஸ்கிரிப்ட் போதும். இருபது பைட் விவகாரம் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

சிஸ்டம்டி டைமர்

கிரானிலிருந்து, லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் டைமருக்கு மாறியதும் முதலில் தெரிவது, கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பது. சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் என்று தட்டினால் ஒவ்வொரு வேலையும் அடுத்து எப்போது, இன்னும் எவ்வளவு நேரம், கடைசியாக எப்போது, அதிலிருந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று வரிசையாகக் காட்டும். ஃபெயில்டு என்ற ஆப்ஷனோடு கேட்டால் தோற்றுக் கிடப்பவை மட்டும் சிவப்பில் வரும். அந்த வேலை ராத்திரி என்னதான் எழுதியது என்று பார்க்க ஜர்னல்சிடிஎல்-இல் யூனிட் பெயரைக் கொடுத்தால் போதும். எந்த ஸ்கிரிப்ட் எந்த மூலையில் லாக் எழுதுகிறது என்று தேட வேண்டாம். ஆன்-ஃபெயிலியர் என்று சர்வீஸ் கோப்பில் ஒரு வரி போட்டால், தோற்றவுடன் இன்னொரு சர்வீஸைக் கிளப்பிவிடும். அதில் டெலிகிராம் மெசேஜோ வேறெதுவோ அனுப்பிக்கொள்ளலாம்.

இதைப் புதிதாகப் பார்ப்பவர் எல்லாருமே ஒருமுறை பயந்துபோவார்கள். ஸ்டேட்டஸ் கேட்டால் 'இன்ஆக்டிவ், டெட்' என்று வரும். செத்துவிட்டதா என்று என்னிடம் போன் போட்டுக் கேட்டவர்கள் உண்டு. ஒருமுறை ஓடி முடிகிற ஒன்-ஷாட் வகை சர்வீஸ் நல்லபடியாக முடிந்தால் அதன் நிலை அதுதான். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே எக்ஸிட் கோட் எழுதியிருக்கும் வரியை.

உண்மையான கோளாறுகள் வேறு. லிஸ்ட்-டைமர்ஸ் காட்டும் 'லாஸ்ட்' என்பது டைமர் எப்போது அடித்தது என்பது மட்டுமே. அடித்த மணிக்கு வேலை ஜெயித்ததா தோற்றதா என்று அது சொல்லாது. இந்தப் பத்தியைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினால் கிரானை நம்பித் தூங்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அடுத்தது, தொங்கிப்போன வேலை. நெட்வொர்க் பாதியில் அறுந்து பேக்கப் அப்படியே காத்துக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். ஒன்-ஷாட் சர்வீஸுக்குத் தானாக டைம்அவுட் எதுவும் கிடையாது. தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. 'ஆக்டிவேட்டிங்' என்றே நாள்கணக்கில் நிற்கும். மறுநாள் டைமர் அடிக்கும்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று புதிதாக எதையும் கிளப்பாது. ஆன்-ஃபெயிலியரும் எழுந்து வராது, ஏனென்றால் ஃபெயிலியரே நடக்கவில்லை. டைம்அவுட்-ஸ்டார்ட்-செக் என்ற வரியில் ஆறு மணி நேரம் என்று நாமே கெடு வைத்தால்தான் இது தோல்வியாகக் கணக்கில் வரும். கிரான் இந்த இடத்தில் வேறு விதமாகக் கெடுக்கும்: பழையது தொங்கிக்கொண்டிருக்கும்போதே புதிதாக இன்னொன்றைக் கிளப்பிவிடும். எஃப்-லாக் என்ற பூட்டுக் கட்டளை போட்டுத் தடுக்காவிட்டால் வார முடிவில் ஏழு பேக்கப்புகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

மூன்றாவது நம்மூர்ப் பிரச்சினை. மேலே சொன்ன கடையில் ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கும்போது வாட்ச்மேன் மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போவார். எலி வயரைக் கடித்துத் தீப்பிடித்துவிடும் என்று முதலாளிக்குப் பயம். யுபிஎஸ் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு அதுவும் படுத்துவிடும். ராத்திரி ரெண்டு மணி என்று ஒரு நேரமே அந்தச் சர்வரின் வாழ்க்கையில் கிடையாது. அப்படியானால் அந்த நாற்பது கோப்புகள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். இந்தப் பழக்கம் ஆரம்பித்ததே சர்வர் என் கைக்கு வந்து சில வாரங்கள் கழித்துத்தான். அதற்கு முன் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

கிரான் தவறவிட்ட வேலையைத் திரும்பிப் பார்க்காது. சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் என்பதை 'ட்ரூ' என்று வைத்தால், சர்வர் எழுந்தவுடன் விட்டுப்போன வேலையைப் பிடித்து ஓட்டிவிடும். அது பெரிய உபகாரம். ஆனால் கரண்ட் போய் வருகிற இடத்தில் இன்னொன்றும் நடக்கும்: ஒரு சர்வீஸ் தோற்றது என்ற நினைவு ரீபூட்டோடு போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு பேக்கப் தோற்கிறது, ஒன்பதரைக்கு கரண்ட் போகிறது, காலையில் எழுந்த சர்வரிடம் தோற்றவை எவை என்று கேட்டால், அப்படி ஒன்றும் இல்லையே என்கிறது. ஜர்னலை டிஸ்க்கில் சேமிக்கும்படி வைத்திருந்தால் அங்கே தடயம் இருக்கும், தேடிப் போனால்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் தினம் தொந்தரவு செய்வது: எல்லா எக்ஸிட் கோடும் ஒரே கனம் இல்லை. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் 24 என்று திரும்பினால், பட்டியல் எடுத்த பிறகு சில கோப்புகள் காணாமல் போயின என்று அர்த்தம். மெயில் சர்வரில் இது தினம் நடக்கும், கவலைப்பட ஒன்றுமில்லை. 23 என்றால் சில கோப்புகளை எடுக்க முடியவில்லை. அதைப் பார்த்தே ஆகவேண்டும். போர்க், ரெஸ்டிக் இரண்டும் பேக்கப் கருவிகள். போர்க் 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் பிழை. ரெஸ்டிக் 3 என்றால் சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை, ஆனாலும் ஸ்னாப்ஷாட் எடுத்தாயிற்று. சக்ஸஸ்-எக்ஸிட்-ஸ்டேட்டஸ் என்ற வரியில் 24-ஐ மட்டும் சேர்த்துவிட்டால் பொய் அலாரம் குறையும். கிரானில் இதையெல்லாம் ஸ்கிரிப்ட்டுக்குள் நாமே எழுதவேண்டும். எச்சரிக்கை எல்லாவற்றையும் மொத்தமாக வெற்றிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ரெஸ்டிக்கின் 3-ஐ அப்படிச் சேர்த்த ஒருவருடைய சர்வரில், பர்மிஷன் இல்லாத ஒரு ஃபோல்டர் மாதக்கணக்கில் பேக்கப்பிலேயே இல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சேமிக்கிற இடத்தையே கேட்பது

இதுவரை சொன்ன எல்லாமே வேலை செய்தவனிடமே "முடித்துவிட்டாயா?" என்று கேட்கிற வழிகள். இதற்கு மாறாக, நகல் போய்ச் சேரவேண்டிய இடத்தைத் திறந்து, கடைசியாக வந்தது எப்போது என்று பார்க்கலாம். எனக்கு இப்போது இதில்தான் நம்பிக்கை அதிகம்.

ரெஸ்டிக்கில் ஸ்னாப்ஷாட்ஸ் என்ற கட்டளையை 'லேட்டஸ்ட் 1', 'ஜேசன்' ஆப்ஷன்களோடு கொடுத்தால் கடைசி ஸ்னாப்ஷாட்டின் நேரம் கிடைக்கும். ஜேசனைப் பிரித்துப் படிக்கும் ஜேக்யூ வைத்து நேரத்தை மட்டும் உருவி, இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால் நகலின் வயது எத்தனை மணி என்று தெரிந்துவிடும். போர்க்கில் 'லாஸ்ட் 1' என்று லிஸ்ட் கேட்டால் அதேதான். இது லினக்ஸுக்கு மட்டும் உரிய யோசனை இல்லை. மேக்கில் டிஎம்யூட்டில் லேட்டஸ்ட்பேக்கப், விண்டோஸ் சர்வரில் கெட்-டபிள்யூபி-சம்மரி என்று இதே கேள்விக்கு அங்கங்கே கட்டளை உண்டு.

நான் எழுதிய ஸ்கிரிப்ட் முப்பது வரிகூட வராது. எட்டு ரெப்போசிட்டரிகளையும் (பேக்கப் போய்ச் சேரும் கிடங்குகள்) வரிசையாகக் கேட்டு இப்படிக் காட்டும்:

பில்லிங் — 19 மணி — சரி
கிளினிக் — 6 மணி — சரி
குடோன் — 31 மணி — பார்க்கவும்

வரம்பு 26 மணி நேரம். ஒரு நாள், அப்புறம் நெட் மெதுவாக இருந்தால் என்று இரண்டு மணி சலுகை. குடோன் சர்வர் செத்ததா, கிரான் நின்றதா, டைமரை யாராவது டிஸேபிள் செய்தார்களா, பாஸ்வேர்ட் மாறியதா, எதுவானாலும் சரி, இங்கே தெரிவது ஒரே விஷயம்: புதுச் சரக்கு வரவில்லை. காரணத்தை அப்புறம் ஜர்னலில் தேடிக்கொள்ளலாம். நோயைத் தனித்தனியாகக் கண்டுபிடிக்க எட்டு அலாரம் வைப்பதைவிட, காய்ச்சல் இருக்கிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைப்பது சுலபம்.

இந்த ஸ்கிரிப்ட்டைப் பேக்கப் எடுக்கிற சர்வரிலேயே ஓட்டாதீர்கள். என் லேப்டாப்பிலிருந்துதான் ஓட்டுகிறேன். இதில் ஒரு விலை இருக்கிறது: எட்டு ரெப்போசிட்டரி பாஸ்வேர்டுகளும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன. ரெஸ்டிக்கில் பார்க்க மட்டும் உரிமை தருகிற பாஸ்வேர்ட் என்று தனியாகக் கிடையாது. அதனால் எஸ்3 பக்கத்தில் படிக்க மட்டும் அனுமதியுள்ள சாவியை உண்டாக்கி, அதைத்தான் லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். சாவிக்கு எழுத உரிமை இல்லாததால் ரெஸ்டிக் லாக் போட முயன்று திணறும். நோ-லாக் ஆப்ஷன் கொடுத்தால் பேசாமல் படித்துவிட்டு வந்துவிடும். பழைய ஸ்னாப்ஷாட்களைக் கழிக்கிற ப்ரூன் ஓடும் நேரத்தில் கேட்டாலும் இந்த ஆப்ஷன் உதவும், இல்லாவிட்டால் பூட்டியிருக்கிறது என்று பொய்யாக ஒரு பயம் காட்டும்.

இந்தச் சாட்சியும் ஏமாறும். எங்கே என்றால், ஸ்னாப்ஷாட் இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. ஒரு ஆபீஸில் ரீபூட்டுக்குப் பிறகு நெட்வொர்க்கில் இருக்கும் என்ஏஎஸ் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது சர்வரோடு இணையவில்லை. பேக்கப் எடுக்கவேண்டிய டைரக்டரி இருந்தது, காலியாக. ரெஸ்டிக் அந்தக் காலி டைரக்டரியைப் பயபக்தியோடு பேக்கப் எடுத்து, எக்ஸிட் கோட் பூஜ்யம் கொடுத்து, ஸ்னாப்ஷாட்டும் போட்டுவிட்டது. வயது ஐந்து மணி, சரி. சிஸ்டம்டியிடம் கேட்டாலும் சரி. எல்லாச் சாட்சியும் ஒரே குரலில் சொன்ன பொய். தற்செயலாக ஒரு கோப்பை ரீஸ்டோர் செய்யப் போனபோதுதான் நான்கு நாளாக இப்படி என்று தெரிந்தது.

ஆகவே வயதோடு அளவையும் பார்க்கவேண்டும். 2024-இல் வந்த ரெஸ்டிக் 0.17 இதைச் சுலபமாக்கிவிட்டது. அன்று எத்தனை கோப்பு, எத்தனை பைட் என்ற கணக்கை ஸ்னாப்ஷாட்டுக்குள்ளேயே எழுதி வைக்கிறது. பட்டியலிலும் அளவுக்கு ஒரு பத்தி வந்துவிட்டது. நேற்றைய கோப்பு எண்ணிக்கையில் பாதிக்கும் கீழே இன்று இறங்கினால் 'பார்க்கவும்' என்று காட்ட நான்கு வரி சேர்த்தேன். பாதி என்பது கைக்கு வந்த கணக்கு. உங்கள் சரக்கைப் பொறுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்த டேட்டா அழுகாமல் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு ரெஸ்டிக் செக் இருக்கிறது. ரீட்-டேட்டா-சப்செட் ஆப்ஷனில் 1/7, 2/7 என்று கிழமைக்கு ஒரு பங்காகக் கொடுத்தால் ஒரு வாரத்தில் முழுதும் படித்து முடித்துவிடும். டேட்டா வெளியே எடுக்கக் காசு வாங்குகிற கிளவுடாக இருந்தால் பில்லைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

வராவிட்டால் கூப்பிடு

மேலே சொன்னது நான் கேட்டால் பதில் சொல்லும். நான் கேட்காத நாளில்? காய்ச்சலில் படுத்திருந்தாலோ ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தாலோ ஸ்கிரிப்ட்டை ஓட்ட ஆளில்லை. அதற்குத்தான் பிங் சேவைகள். பேக்கப் முடிந்ததும் கர்ல் என்ற கட்டளை போட்டு ஒரு வெப் முகவரியைத் தட்டவேண்டும். குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் அந்தச் சேவை நம்மை எழுப்பும். மௌனமே அலாரம். கிரான் மெயிலில் நான் சொன்ன குழப்பம் இங்கே தலைகீழாகி, சாதகமாகிவிடுகிறது.

ஹெல்த்செக்ஸ் டாட் ஐஓ இதில் தெரிந்த பெயர். 2015-இலிருந்து இருக்கிறது, லாத்வியாவிலிருந்து நடத்துகிறார்கள், இலவசக் கணக்கில் 20 வேலைகள்வரை வைத்துக்கொள்ளலாம். ஜாங்கோவில் எழுதிய ஓப்பன் சோர்ஸ் என்பதால் நாமே நிறுவிக்கொள்ளவும் முடியும். பேக்கப் எடுக்கிற அதே சர்வரில் நிறுவுவது மட்டும் வேண்டாம். திருடனும் காவல்காரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். இதையும் டெர்மினலிலிருந்தே பார்க்கலாம்: ஏபிஐ-யைப் படிக்க மட்டும் ஒரு சாவி வாங்கி, கர்லையும் ஜேக்யூவையும் சேர்த்தால் 'டவுன்' என்று இருப்பவை மட்டும் திரையில் வரும்.

ஒரு எழுத்துப் பிழை இங்கே மொத்தத்தையும் கெடுக்கும். பேக்கப் கட்டளைக்கும் கர்லுக்கும் நடுவில் && போட்டால், பேக்கப் ஜெயித்தால்தான் கர்ல் ஓடும். அதே இடத்தில் அரைப்புள்ளி (;) போட்டால் ஜெயித்தாலும் தோற்றாலும் தட்டும். தோற்ற பேக்கப் தினமும் 'நலம், நலமறிய ஆவல்' என்று கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். சிஸ்டம்டி-யில் இந்தக் குழப்பம் இல்லை. எக்ஸெக்-ஸ்டார்ட்-போஸ்ட் வரியில் கர்லை வைத்தால், முந்தையது ஜெயித்த பிறகே அது ஓடும். வரியின் தொடக்கத்தில் ஒரு ஹைபன் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பிங் சேவை படுத்த நாளில் நல்ல பேக்கப்பும் தோல்வி என்று பதிவாகும். கர்லுக்குப் பத்து விநாடி கெடுவும் வேண்டும்.

பிங்கின் குறை, அதுவும் வேலை செய்தவன் வாய்மொழிதான். இருபது பைட் பேக்கப் இருந்ததே, அது தினமும் ராத்திரி உற்சாகமாகத் தட்டியிருக்கும்.

பெரிய கருவிகள்

நேகியோஸ், ப்ரோமிதியஸ் போன்ற கண்காணிப்புக் கருவி ஏற்கெனவே ஓடுகிற ஆபீஸ் என்றால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு வேண்டாம். வயது பார்க்கிற அதே ஸ்கிரிப்ட்டை 0, 1, 2, 3 என்று எக்ஸிட் கோட் தருமாறு மாற்றினால் நேகியோஸ் பிளகின் ஆகிவிடும். ப்ரோமிதியஸில், கடைசி வெற்றியின் நேரத்தை ஒரு கோப்பில் எழுதி நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டரிடம் விட்டால் போதும். இப்போதைய நேரத்தில் அதைக் கழித்து 93,600 விநாடியை (அதே 26 மணி) தாண்டினால் அலர்ட். தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டுப் பெயர் மாற்றுங்கள், பாதி எழுதிய கோப்பை அது படித்துவிடக் கூடாது. எட்டு சர்வருக்காக மட்டும் ப்ரோமிதியஸ் நிறுவுவது கொசுவுக்கு பீரங்கி.

பாக்குலா, அதிலிருந்து 2010-இல் பிரிந்த பேரியோஸ் என்ற பேக்கப் மென்பொருள்கள் இரண்டும் வேறு உலகம். டிராகுலா மாதிரி ராத்திரியில் வந்து கம்ப்யூட்டரின் சாரத்தை உறிஞ்சும் என்பது பாக்குலாக்காரர்களே சொல்லிக்கொண்ட வேடிக்கை. அங்கே பிகன்சோல் என்ற கன்சோலில் லிஸ்ட் ஜாப்ஸ் கேட்டால் எல்லாச் சர்வர்களின் வேலைகளும் டேட்டாபேஸிலிருந்தே வரும். எக்கோ செய்து பைப் வழியாகவும் கேட்கலாம். ஸ்டேட்டஸில் 'டி' என்றிருந்தால் டெர்மினேட்டட், அதாவது நல்லபடியாக முடிந்தது. 'இ' என்றால் பிழை, சின்ன 'எஃப்' என்றால் படுதோல்வி. கேட்டலாக், டைரக்டர், ஸ்டோரேஜ் டீமன் என்று அமைக்கவே ஒரு வாரம் போகும். முப்பது சர்வரும் டேப்பும் இருந்தால் அந்த வாரம் வீண் இல்லை.

நெட்பேக்கப் என்ற பெரிய கம்பெனிப் பேக்கப் மென்பொருளை நீங்களாக விரும்பித் தேர்ந்தெடுக்கப்போவதில்லை, அது கம்பெனியோடு சேர்ந்து வரும். சென்னையில் ஐடி கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் பேக்கப் வேலை பார்த்தவர்களுக்கு பிபிடிபிஜாப்ஸ் கட்டளையும் அதன் ஸ்டேட்டஸ் எண்களும் மனப்பாடம்: 0 என்றால் முழு வெற்றி, 1 என்றால் அரைகுறை, 196 என்றால் ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டதால் வேலை தொடங்கவே இல்லை. விடிகாலை ரிப்போர்ட்டில் 1-ஐப் பச்சையில் போடுவதா மஞ்சளில் போடுவதா என்று நடக்கும் சண்டை பழைய சண்டை. மேலே ரெஸ்டிக்கின் 3 பற்றிச் சொன்னதை நினைத்துக்கொண்டு நான் மஞ்சள் பக்கம்.

நான் எடுத்த முடிவு

எட்டு சர்வரிலும் கிரானை எடுத்துவிட்டு சிஸ்டம்டி டைமர் போட்டேன். பெர்சிஸ்டென்ட், ஆறு மணி நேரக் கெடு இரண்டோடும். எக்ஸெக்-ஸ்டார்ட்-போஸ்ட்டில் பிங். காலையில் லேப்டாப்பிலிருந்து வயதும் அளவும் பார்க்கிற ஸ்கிரிப்ட். மூன்றும் வேண்டுமா என்றால், நேரமே இல்லாதவர் ஒன்றை மட்டும் செய்வதானால் கடைசியானதைச் செய்யுங்கள் என்பேன். அதை எழுத ஒரு மாலை நேரம் போதும், பேக்கப் எப்படி ஓடுகிறது என்பதைத் தொடவே வேண்டாம், கிரானே இருந்துவிட்டுப் போகட்டும். ஒருவர் மட்டும் பார்க்கிற சர்வர்கள் என்றால் அதோடு பிங்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைமருக்கு மாறுவது மூன்றாவது. மின்சாரம் நின்று வருகிற இடமாக இருந்தால் முதலாவது.

பில்லிங் சர்வரில் மட்டும் ஒரு கூத்து மிச்சம் இருந்தது. பெர்சிஸ்டென்ட் போட்டதும் காலை ஒன்பதே முக்காலுக்குக் கடை திறந்து மெயின் ஸ்விட்சைப் போட்டவுடன் பேக்கப் துள்ளி எழுந்து ஓட ஆரம்பித்தது. முதல் வாடிக்கையாளர் வந்து நிற்கிற நேரத்தில் பில் போட அரை நிமிஷம் ஆகிறது என்று கணக்காளர் போன் செய்தார். ராத்திரி சர்வரை மட்டும் ஆனில் விடுங்கள் என்று முதலாளியிடம் இருமுறை கேட்டுப் பார்த்தேன். எலிக் கதையே திரும்ப வந்தது. சரி என்று டைமரை மதியம் ஒன்றே காலுக்கு மாற்றினேன். கடையில் எல்லாரும் சாப்பிடப் போகிற நேரம், பதினோரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. எட்டு வரிப் பட்டியலில் காலையில் அந்த ஒரு சர்வர் மட்டும் எப்போதும் 19 மணி என்று காட்டுவது அதனால்தான்.